மல்பெரித் தடிக்கு வேரூக்கி ஓமோன்: எந்தத் தடிக்கு, எவ்வளவு, எப்போது

முள்ளியவளையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பதன் சுருக்கம் இது. அயல் வீட்டு மல்பெரி மரத்தில் வெட்டிய முப்பது தடிகளை, விவசாய மருந்துக் கடையில் வாங்கிய வேர்ப்பொடியில் (வேர் வருவதைத் தூண்டும் ஓமோன் கலந்த பொடி) தோய்த்து, வைகாசிக் கடைசியில் பொலித்தீன் பைகளில் நட்டிருக்கிறார். இரண்டு கிழமைக்குள் எல்லாத் தடிகளும் துளிர்த்து, சிலவற்றில் நான்கைந்து இலைகளும் விரிந்து, ஒரு மாதம் ஆவதற்குள் ஒவ்வொன்றாக வாடிக் காய்ந்துவிட்டன. பொடி போலியானதா, அளவு போதவில்லையா, இதைவிட வலுவான ஓமோன் எது, அதற்குப் பதிலாகத் தேன், கற்றாழை, இளநீர் போன்றவை உதவுமா என்பவை அவருடைய கேள்விகள்.

பொடி நல்லதாகவே இருந்திருக்கலாம். துளிர்த்தது வேர் பிடித்ததற்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்ட இடத்திலிருந்து இந்தப் பதிலைத் தொடங்க வேண்டும். மல்பெரித் தடி, வெட்டப்படும்போதே தன் மரப்பகுதியிலும் பட்டையிலும் மாப்பொருளைச் சேர்த்து வைத்திருக்கிறது. ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தவுடன் கணுவில் உள்ள அரும்பு அந்தச் சேமிப்பை எடுத்துக்கொண்டு 10 முதல் 15 நாட்களில் இலை விடும்; அதற்கு வேர் தேவையில்லை. வேர் பட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதற்கோ பெரும்பாலும் நான்கு முதல் ஆறு கிழமைகள் செல்லும். இந்த இடைவெளியில், விரிந்த இலைகள் நீரை வெளியே விட்டுக்கொண்டே இருக்க, உள்ளே இழுத்துக் கொடுக்க வேர் இல்லாமல் தடி காய்கிறது. காய்ந்த தடிகளில் ஒன்றை மெதுவாகப் பிடுங்கிப் பாருங்கள். அடிப்பட்டை கறுத்து, விரலால் அழுத்தியதும் மரத்தை விட்டு உறைபோலக் கழன்று வந்தால் அது ஈரம் கூடி அழுகியது. பட்டை சுருங்கி மரத்தோடு ஒட்டி உலர்ந்திருந்தால் அது காற்றிலும் வெயிலிலும் வற்றியது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. இரண்டையுமே ஓமோனின் அளவைக் கூட்டித் தீர்க்க முடியாது.

வன்னியில் வேலிக்குக் கதியால் போட்ட எவரும் இந்த விடயத்தில் பாதியை ஏற்கெனவே அறிவார்கள். கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவை ஆகியவற்றின் தடிகளுக்கு நாங்கள் எதையும் பூசுவதில்லை. கை மணிக்கட்டளவு பருத்த, முற்றிய தடியைப் பட்டை நசியாமல் வெட்டி, மழையை எதிர்பார்த்து நட்டுவிடுகிறோம். தடியிலுள்ள நீரும் உணவும் வேர் வரும்வரை அதைத் தாங்குகின்றன. மல்பெரி நாற்றுக்கு நாம் எடுக்கும் தடியோ பென்சில் பருமனுடையது. அது தாங்கக்கூடிய நாட்கள் குறைவு. அந்தக் குறைந்த நாட்களுக்குள் வேரை வரவழைப்பதற்குத்தான் ஓமோன் உதவுகிறது. தடியும் காலமும் ஈரமும் சரியாக அமைந்த இடத்தில் வேர் வருவதை அது முந்தச் செய்யும், வேர்களின் தொகையைக் கூட்டும். இவை சரியில்லாத இடத்தில் எந்த விலையுயர்ந்த பொடியும் வீணாகும். கீழே எழுதுவது முழுவதும் இந்த ஒன்றின் விரிவே.

தாவரத்தின் துளிர்களும் இளம் இலைகளும் இயல்பாகவே ஓட்சின் என்ற ஓமோனை உண்டாக்கி, அதைத் தண்டின் வழியாகக் கீழ்நோக்கி அனுப்புகின்றன. தண்டை வெட்டும்போது அந்த ஓட்டம் வெட்டுமுகத்தில் தடைப்பட்டு அங்கே தேங்குகிறது. தேங்கிய ஓட்சின், பட்டைக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள மாறிழையத்தை அண்டிய சில கலங்களை வேராக மாறும்படி தூண்டுகிறது. தடியைத் தலைகீழாக நட்டாலும் ஓட்டத்தின் திசை மாறுவதில்லை என்பதால், எது அடி எது நுனி என்பதை வெட்டும் கணத்திலேயே குறித்துக்கொள்வது முக்கியம். இந்தப் பொருள் ஒன்று இருப்பதை ஒல்லாந்தரான பிரிட்ஸ் வென்ட் 1920களின் பிற்பகுதியில் ஓட்ஸ் நாற்றுகளை வைத்துக் காட்டினார். இயற்கையான ஓட்சினாகிய இண்டோல் அசற்றிக் அமிலம் வெளிச்சத்திலும் தாவரத்தின் நொதியங்களாலும் விரைவாகச் சிதைந்துவிடும். அதைவிட உறுதியாக நிற்கும் இண்டோல் பியூட்டிரிக் அமிலமும் நப்தலீன் அசற்றிக் அமிலமும் வேரைத் தூண்டும் என்பதை 1935இல் அமெரிக்காவின் போய்ஸ் தொம்சன் நிறுவனத்தில் சிம்மர்மனும் வில்கொக்சனும் வெளியிட்டார்கள். இன்று கடையில் நீங்கள் வாங்கும் பொடி எந்தப் பெயரில் வந்தாலும், உள்ளே இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று, அல்லது இரண்டின் கலவை. மல்பெரிக்கு நான் விரும்புவது முதலாவதை. ஐ.பி.ஏ. என்று சுருக்கமாக எழுதியிருப்பார்கள். என்.ஏ.ஏ. என்று குறிக்கப்படும் இரண்டாவதும் வேலை செய்யும்; ஆனால் பயன் தரும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் இடையிலான தூரம் அதில் குறைவு.

அளவு கூடினால் என்ன என்ற கேள்விக்கு நெற்செய்கைக்காரர்களுக்குத் தெரிந்த ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. வயலில் அகன்ற இலைக் களைகளுக்கு அடிக்கும் எம்.சி.பி.ஏ. களைநாசினியும் செயற்கை ஓட்சின் வகையைச் சேர்ந்ததே. அது களையைக் கொல்வது, தாவரம் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் ஓட்சினாக வேலை செய்து, வளர்ச்சியைத் தாறுமாறாக்கித்தான். வேரூக்கியும் அளவு கடந்தால் தடியின் அடியை வீங்கவைத்து, வெடிக்கவைத்து, பின்பு கறுக்கவைக்கும். மேலுள்ள அரும்புகளை விரிய விடாமல் அமுக்கும். இதை நான் என் நாற்றுமேடையிலேயே வேறொரு வழியில் பார்த்தேன். அவசரத்துக்கு இரவலாக வாங்கிய தெளிகருவியால் ஒரு நாள் தடிகளுக்குத் தண்ணீர் தெளித்தேன். அது வயலுக்குக் களைநாசினி அடித்த கருவி என்பதும், ஒரு முறை மட்டுமே கழுவப்பட்டது என்பதும் பிறகுதான் தெரிந்தது. மூன்றாம் நாள் இளம் இலைகளின் காம்புகள் கொக்கிபோல் வளைந்தன. இலைகள் விளிம்பு சுருண்டு கிண்ணம்போல் குவிந்தன. பத்து நாட்களில் அந்த வரிசை முழுவதையும் பிடுங்கி எறிய வேண்டியதாயிற்று. நாற்றுக்கான தெளிகருவி நாற்றுக்கு மட்டுமே இருக்கட்டும்.

எந்த மல்பெரிக்கு ஓமோன் வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும். எங்கள் முற்றங்களில் பெரும்பாலும் நிற்பது மோரஸ் அல்பா என்ற விஞ்ஞானப் பெயருடைய வெள்ளை மல்பெரி அல்லது அதற்கு மிக நெருங்கிய இனம். அதன் பழம் பச்சையிலிருந்து சிவந்து, பிறகு கறுப்பதைக் கண்டு பலர் அதைக் கறுப்பு மல்பெரி என்கிறார்கள். பழத்தின் நிறத்தை வைத்து இனத்தைச் சொல்ல முடியாது. இந்த அல்பா வகையில் பலவற்றுக்குக் கணுக்களின் அருகே பட்டைக்கு அடியில் வேரின் தொடக்கங்கள் முன்கூட்டியே உறங்கிக் கிடக்கின்றன. நல்ல தடியாக இருந்தால் அவை ஓமோன் இல்லாமலே எழும். மைசூரில் பட்டுப்புழு வளர்ப்புக்காக உருவாக்கப்பட்ட வி-1 போன்ற வகைகள் ஓமோன் இல்லாமல் தடியிலிருந்தே பெருமளவில் பெருக்கப்படுகின்றன. இதற்கு மாறாக, விரல் நீளத்துக்குப் பழம் தரும் மோரஸ் மக்ரோரா வகையும், குளிர்ந்த நாடுகளின் உண்மையான கறுப்பு மல்பெரியாகிய மோரஸ் நைக்ராவும் தடியில் எளிதில் வேர் விடுவதில்லை. அவற்றுக்கு ஓமோன் வேண்டும்; ஓமோன் இட்டும் பல தடிகள் போகும். அதனால்தான் நீண்ட பழ வகையை அல்பாவின் வேர்க்கட்டையில் ஒட்டி விற்கிறார்கள். நீங்கள் தடி எடுத்தது சிறு பழ மரமா, நீண்ட பழ மரமா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். (பெயரைப் பற்றியும் ஒன்று: தமிழில் மல்பெரிக்கு முசுக்கொட்டை என்ற பெயர் உண்டு. அதைக் கேட்டு, நாங்கள் வறை வறுக்கும் முசுட்டைக் கொடியோடு சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு.)

தடியைத் தெரிவு செய்வதில் செலவிடும் நேரம் ஓமோனில் செலவிடும் பணத்தைவிடப் பெறுமதியானது. ஆறு முதல் எட்டு மாதம் வயதுடைய, பட்டை பச்சை மாறிப் பழுப்பு நிறம் கொண்ட, பென்சில் பருமனிலிருந்து சிறுவிரல் பருமன் வரையான கொப்புகளை எடுக்க வேண்டும். பல ஆண்டுகளாக வெட்டப்படாத மரத்தின் உச்சிக் கொப்பைவிட, ஒருமுறை தாழ வெட்டிய மரத்தின் அடியிலிருந்து நிமிர்ந்து எழுந்த கொப்பு நன்றாக வேர் விடும். அந்தக் கொப்பிலும் நுனி மூன்றிலொரு பங்கைத் தள்ளிவிடுங்கள். அது பிஞ்சு, சேமிப்பு இல்லாதது, அழுகும். அடியின் மிக முற்றிய பகுதியில் அரும்புகள் மந்தமாக இருக்கும். நடுப்பகுதியே சிறந்தது. பழம் பிடித்திருக்கும் கொப்பை விட்டுவிட வேண்டும். அதன் சேமிப்பு ஏற்கெனவே பழத்துக்குப் போயிருக்கும். ஐயம் இருந்தால் ஒரு சிறு சோதனை செய்யலாம். பாடசாலையில் மாப்பொருளைக் கண்டறியச் செய்ததுபோல, புதிதாக வெட்டிய முகத்தில் அயடீன் கரைசல் ஒரு துளி விடுங்கள். வெட்டுமுகம் கருநீலமாக மாறினால் அந்தத் தடியில் உணவு இருக்கிறது. மஞ்சளாகவே நின்றால் அந்தக் கொப்பை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுங்கள்.

விடியற்காலையில் வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்து, அன்றே நட வேண்டும். ஒவ்வொரு தடியும் 15 முதல் 20 சென்ரிமீற்றர் நீளமும் மூன்று அல்லது நான்கு நல்ல அரும்புகளும் உடையதாக இருக்கட்டும். அடியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே நேராகவும், நுனியை மேல் அரும்புக்கு ஒரு சென்ரிமீற்றர் மேலே சாய்வாகவும் வெட்டினால் அடியும் நுனியும் மாறிப்போகாது. மேல் வெட்டில் தண்ணீரும் நிற்காது. கத்தி கூராக இருப்பது இங்கே சிறு விடயம் அல்ல. மொட்டைக் கத்தி பட்டையை மரத்திலிருந்து பிரித்துவிடும். அந்தப் பிரிந்த இடத்தில் வேருக்குப் பதிலாகப் பங்கசு குடியேறும். மல்பெரி வெட்டிய இடத்தில் பால் வடியும். அதன் மேலேயே பொடியைத் தோய்த்தால் பால் உறைந்து பொடியைக் கட்டியாக்கி உரித்துவிடும். ஆகவே அடியைத் தண்ணீரில் கழுவி, பால் நின்றபின் துணியால் ஒற்றி எடுங்கள். வேர் விட மறுக்கும் வகையாக இருந்தால், அடியின் இரு பக்கமும் இரண்டு சென்ரிமீற்றர் நீளத்துக்கு மேல்தோலை மெல்லச் சீவிப் பச்சை தெரியச் செய்வது ஓமோன் உள்ளே செல்ல உதவும்.

இனிப் பொடி. டப்பாவில் எழுதியிருக்கும் சதவீதத்தைப் பாருங்கள். 0.1 சதவீதம் என்பது 1,000 பி.பி.எம். (பத்து இலட்சம் பங்கில் 1,000 பங்கு); இது இளந்தண்டுக்கு. 0.3 சதவீதம் அரைமுற்றல் தண்டுக்கு. 0.8 சதவீதம் வேர்விடக் கடினமான முற்றிய தண்டுகளுக்கு. சிறு பழ மல்பெரிக்கு 0.1 முதல் 0.3 வரை போதுமானது. நீண்ட பழ வகைக்கு 0.3 இலிருந்து தொடங்கி, தேவையானால் மட்டுமே மேலே போகலாம். தடியை டப்பாவுக்குள் விட்டுத் தோய்க்க வேண்டாம். ஒரு தடியின் ஈரமும் நோயும் முழு டப்பாவையும் கெடுக்கும். தேவையான பொடியைக் கடதாசியில் கொட்டி, அடி இரண்டு சென்ரிமீற்றரை மட்டும் அதில் உருட்டி, விரலால் தட்டிக் கூடுதலை உதிர்த்துவிடுங்கள். நடும்போது முதலில் ஒரு குச்சியால் குழி போட்டு அதில் தடியை இறக்க வேண்டும். மண்ணுக்குள் நேரே குத்தினால் பூசிய பொடி மண்ணின் மேற்பரப்பிலேயே வழிந்து நின்றுவிடும். முப்பது தடியும் ஒரே மாதிரிப் பயனற்றுப் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

அதிகம் நடுபவர்களுக்குக் கரைசலே சிக்கனமானது. எல்லாத் தடிக்கும் ஒரே அளவு போய்ச் சேரும். ஐ.பி.ஏ. தூய தூள் தண்ணீரில் சரியாகக் கரையாது, மதுசாரத்தில் கரையும். ஒரு கிராம் தூளை 100 மில்லிலீற்றர் எதைல் மதுசாரத்தில் முழுவதும் கரைத்தால் 10,000 பி.பி.எம். மூலக்கரைசல் கிடைக்கும். மில்லிகிராம் நிறுக்க வசதியில்லாத வீட்டில் இந்த முறையே நல்லது. ஒரு கிராமை நகைக்கடைத் தராசில்கூட நிறுக்கலாம். மூலக்கரைசலில் 20 மில்லிலீற்றர், மதுசாரம் 30 மில்லிலீற்றர், தண்ணீர் 50 மில்லிலீற்றர் கலந்தால் 2,000 பி.பி.எம். ஆகும். இதில் தடியின் அடியை ஐந்து விநாடி மட்டும் அமிழ்த்தி எடுத்து, சில நிமிடம் நிழலில் உலரவிட்டு நடுங்கள். இந்தச் செறிவில் மதுசாரத்தைச் சேர்க்காமல் மூலக்கரைசலில் தண்ணீரை மட்டும் ஊற்றினால் கரைசல் பால்போல் கலங்கும். கலங்கினால் ஓமோன் கரைசலை விட்டுப் பிரிந்துவிட்டது என்று பொருள். வேறொரு முறை, 10 மில்லிலீற்றர் மூலக்கரைசலை ஒரு லீற்றர் அளவுக்குத் தண்ணீரில் பெருக்கி 100 பி.பி.எம். ஆக்கி, தடிகளின் அடியை 12 முதல் 24 மணி நேரம் நிற்க வைப்பது. இதுவும் நல்ல பயன் தரும். ஆனால் வன்னி வெப்பத்தில் அந்த நேரம் முழுவதும் நிழலும் குளிர்ச்சியும் வேண்டும் என்பதால் ஐந்து விநாடி முறையையே நான் பரிந்துரைப்பேன்.

கரைசலுக்குக் கிணற்றுத் தண்ணீரைத் தவிருங்கள். எங்கள் பல கிணறுகளில் கல்சியம் அதிகம் என்பதை கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்து நிற்கும் சுண்ணாம்பே காட்டும். அது சில வேரூக்கிகளை, குறிப்பாகத் தண்ணீரில் கரையும் பொற்றாசியம் உப்பு வடிவத்தை, படிவாக வீழ்த்திவிடும். பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீர் அல்லது சுத்தமாகப் பிடித்த மழைநீர் போதும். மூலக்கரைசலைக் கறுப்புப் போத்தலில், குளிர்சாதனப் பெட்டியில், பிள்ளைகள் கை படாத இடத்தில், பெயரும் திகதியும் எழுதி வையுங்கள். மதுசாரம் எளிதில் தீப்பற்றும். அடுப்படியில் வைத்துக் கலக்க வேண்டாம். பொடியைக் கையாளும்போது கையுறை போட்டு, மூக்கை மூடிக்கொள்வது நல்லது.

ஒரே தடிக்கு ஓமோனை மீண்டும் மீண்டும் இடுவது பலர் செய்யும் தவறு. முதல் சில நாட்களில், கலங்கள் வேராக மாறத் தொடங்கும் கட்டத்தில்தான் ஓட்சின் அதிகமாக வேண்டும். வேரின் நுனி உருவாகி நீளத் தொடங்கிய பின்னர் அதே செறிவு அந்த நீட்சியைத் தடுக்கும். தடி சோர்ந்துவிட்டது என்று மூன்றாம் கிழமையில் வேர்க்கரைசலை ஊற்றுபவர், வெளியே வரவிருந்த வேரைத் தானே நிறுத்துகிறார்.

இனி நடும் ஊடகம், அதாவது பையில் நிரப்பும் மண். வயல் களியை நிரப்பினால் காற்றோட்டம் இன்றி அடி அழுகும். மாட்டெருவும் பசளையும் கலந்தால் வேரில்லாத வெட்டுமுகத்தில் பங்கசுக்கு விருந்து வைத்ததாகும். வேர் வரும் வரை தடிக்கு உணவு வேண்டியதில்லை, ஈரமும் காற்றும் மட்டுமே வேண்டும். கழுவிய ஆற்றுமணலும் தும்புச்சோறும் சம அளவு கலந்தது எங்கள் பகுதியில் எளிதாகக் கிடைக்கும் நல்ல கலவை. தும்புச்சோற்றை இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி ஊறவைத்துப் பிழிந்துகொள்ளுங்கள். அதில் இருக்கும் உப்பும் கறையும் இறங்கிவிடும். கலவையை ஒரு கைப்பிடி எடுத்து அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், ஆனால் விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. நடும்போது இரண்டு அரும்புகள் மண்ணுக்குள்ளும் ஒன்று அல்லது இரண்டு மேலேயும் இருக்கட்டும். பையின் அடியில் துளைகள் இருக்க வேண்டும். பைகளை வெறுந்தரையில் வைக்காமல் கல் பரப்பிய மேட்டில் வைத்தால் தண்ணீர் வடியும், கறையானும் எளிதில் ஏறாது.

உங்கள் தடிகள் காய்ந்ததற்குப் பெரிய காரணம், என் கணிப்பில், காலமும் காற்றும். வைகாசி தொடங்கி ஆவணி தாண்டும் வரை வன்னியில் வீசும் சோளகக் காற்று வேரில்லாத தடியின் நீரைப் பகலும் இரவும் உறிஞ்சும். முல்லைத்தீவுப் பக்கம் கடலுக்கு அருகில் இருந்தாலும் அந்தக் காற்று தரை வழியே உலர்ந்து வருவதால் ஈரத்தைக் கொண்டுவருவதில்லை. நிழல் போட்டால் போதும் என்று மாமரத்தின் கீழ் பைகளை வைப்பவர்கள், காற்று வரும் பக்கத்தைத் திறந்து விட்டுவிடுகிறார்கள். தென்மேற்குப் பக்கத்தைக் கிடுகால் மறைத்து, மேலே நிழல்வலை கட்டி, தடிகளின் மேல் வளைத்த கம்பிகளில் மெல்லிய பொலித்தீனைக் கூடாரமாக விரித்தால் உள்ளே ஈரப்பதம் நிற்கும். ஆனால் அந்தக் கூடாரத்தின் மேல் நேர்வெயில் ஒரு மணி நேரம் விழுந்தாலும் உள்ளிருப்பவை வெந்துவிடும். முழு நிழல் கட்டாயம். காலையும் மாலையும் சில நிமிடம் திறந்து காற்றை மாற்ற வேண்டும். மேல் வெட்டில் எங்கள் பெரியவர்கள் முருங்கைத் தடிக்குச் செய்ததுபோலச் சாணியை அப்பிவிட்டால் அந்த வழியாக நீர் போவது குறையும். இது எளிய வேலை, பயன் பெரிது.

எப்போது நடுவது என்பதில் வன்னிக்கு ஒரு சிக்கல் உண்டு. ஐப்பசி மழையோடு தடி நட்டால் காற்றில் ஈரம் இருக்கும், வேர் எளிதில் வரும். ஆனால் மூன்று நான்கு மாதத்தில் நாற்று தயாராகும்போது மாசி பிறந்து மழை ஓய்ந்திருக்கும். இளங்கன்று அதன் முதல் கோடையை உடனே சந்திக்க வேண்டும். ஆனி, ஆடியில் தடி நட்டால் ஐப்பசி மழைக்குக் கன்று தயாராக இருக்கும்; ஆனால் வேர் விடும் காலம் சோளகத்துக்குள் விழும். நூற்றுக்கணக்கில் நட விரும்பி, கிணறும் நிழல்வலையும் ஆள்வசதியும் உள்ளவர்கள் இரண்டாவது வழியை எடுக்கலாம். வீட்டுக்குப் பத்துக் கன்று போதும் என்பவர்கள் ஐப்பசியில் தடி நட்டு, மாசியில் கிணற்றடி வாழைக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால் ஓரமாகக் கன்றை வைத்து, முதல் கோடையை அந்தத் தண்ணீரில் கடத்திவிடுவதே நல்லது. கார்த்திகையில் அடை மழை பெய்யும் நாட்களில் பைகளுக்கு மேல் கூரை இருக்க வேண்டும்; மழை ஈரம் நல்லது, தேங்கும் தண்ணீர் கெடுதி. ஐப்பசியில் நல்ல தடி வேண்டுமானால் தாய் மரத்தைச் சித்திரையிலேயே தாழ வெட்டி விட வேண்டும். அப்போதுதான் வேண்டிய நேரத்தில் ஆறு மாதக் கொப்பு கையில் இருக்கும்.

வீட்டுப் பொருட்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இளநீரிலும் முருங்கையிலைச் சாற்றிலும் வளர்ச்சிப் பொருட்கள் இருப்பது உண்மை. ஆனால் அவற்றில் குறிப்பிடத்தக்கது சைற்றோகைனின் வகை. அது துளிரைத் தூண்டும், வேர் தோன்றுவதை அளவு கூடினால் தடுக்கும். உங்கள் தடிகள் துளிர் முந்தி வேர் பிந்திக் காய்ந்தவை. அவற்றுக்கு முருங்கைச் சாறு ஊற்றுவது அதே குறையைக் கூட்டும். தேனில் வேரைத் தூண்டும் ஓமோன் இல்லை. கிருமியைச் சற்றுக் கட்டுப்படுத்தலாம், எறும்பை நிச்சயம் அழைத்து வரும். கற்றாழைச் சாறு வெட்டுமுகத்தை உலராமல் காக்கும். கறுவாத் தூள் பங்கசை ஓரளவு தடுக்கும். இவற்றைப் பயன்படுத்துவதில் குற்றமில்லை, ஐ.பி.ஏ.க்கு மாற்று என்று நம்பி, வேர் விடக் கடினமான வகையின் தடிகளை இழந்துவிடாதீர்கள்.

நட்ட பின்னர் தடியை ஆட்டி, இழுத்துப் பார்க்கும் ஆசையை ஆறு கிழமைக்கு அடக்கி வையுங்கள். முதல் வேர் மிக நொய்மையானது, இழுப்பில் அறுந்துவிடும். அறிய வேண்டுமானால் சோதனைக்கென்று இரண்டு தடிகளைக் கூடுதலாக நட்டு அவற்றை மட்டும் தோண்டிப் பாருங்கள். மூன்றாம் கிழமையளவில் வெட்டுமுகத்தின் விளிம்பில், பட்டைக்கும் மரத்துக்கும் இடையே, சோற்றுப் பருக்கைகள் ஒட்டியதுபோல் வெள்ளையாகத் திரண்டிருக்கும். அது காயம் ஆறும் இழையம். வேர் அல்ல, ஆனால் தடி உயிரோடு இருப்பதற்கான சான்று. அதன் பிறகு மண்ணுக்குள் இருக்கும் கணுவைச் சுற்றிப் பட்டையில் சிறு வெண்புள்ளிகள் புடைத்து, வெடித்து, வேர் வெளிவரும். தொடக்கத்தில் வெள்ளையாக இருக்கும் மல்பெரி வேர் முற்றும்போது மஞ்சளும் செம்மஞ்சளுமாக மாறும். மஞ்சள் நிறத்தைக் கண்டு நோய் என்று பயப்பட வேண்டாம், அது மல்பெரி வேரின் இயல்பான நிறம். தோண்டாமலும் ஓரளவு கணிக்கலாம்: முதலில் விரிந்த இரண்டு மூன்று இலைகளோடு நின்றுவிட்ட துளிர், சிறிது காலம் அசையாமல் இருந்து, பிறகு புதிய இலைகளை முன்னையவற்றைவிடப் பெரிதாக விடத் தொடங்கினால் வேர் வந்துவிட்டது. அதன் பின்னர்தான் கூடாரத்தைக் கிழமைக் கணக்கில் சிறிது சிறிதாகத் திறந்து, கூட்டெரு கலந்த மண்ணுள்ள பெரிய பைக்கு மாற்ற வேண்டும். ஆடு எட்டாத இடத்தில் வையுங்கள். மல்பெரி இலையை ஆடு மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து தின்னும்.

வரும் ஐப்பசிக்கு உங்களுக்கு நான் சொல்லும் வேலை இது. அதே அயல் வீட்டு மரத்தில் ஒரே பருமனான 40 தடிகள் எடுங்கள். கையில் மிஞ்சியிருக்கும் அதே பொடியில் 20ஐத் தோய்த்துச் சிவப்பு நூல் கட்டுங்கள்; மற்ற 20ஐ வெறுமனே நட்டு வெள்ளை நூல் கட்டுங்கள். மண், நிழல், தண்ணீர் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். 45ஆம் நாள் இரு பக்கத்திலும் எத்தனை தடி உயிரோடு இருக்கிறது என்பதை எண்ணி, பக்கத்துக்கு மூன்று தடிகளைத் தண்ணீரில் மெதுவாக அலசி எடுத்து வேர்களின் தொகையையும் நீளத்தையும் ஒப்பிடுங்கள். இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் உங்கள் மரம் எளிதில் வேர் விடும் வகை. இனிப் பொடிக்குச் செலவிட வேண்டியதில்லை. சிவப்பு நூல் பக்கம் தெளிவாக முந்தியிருந்தால் பொடி நல்லது, அளவும் சரி. இரண்டு பக்கமும் போய்விட்டால் அடிப்பட்டையை அழுத்திப் பார்த்து, அழுகலா வற்றலா என்பதையும் மரத்தின் பழம் எவ்வளவு நீளம் என்பதையும் எழுதுங்கள்; அதை வைத்து அடுத்த முறைக்கு எதை மாற்றுவது என்று சொல்கிறேன்.